மைசூர் கொடுத்த மாளிகையும் பெரும்பாக்கத்துப் பதினேழு ஏக்கரும்

தமிழைச் செம்மொழி என்று மத்திய அரசு அறிவித்தது 2004 அக்டோபர் 12-ல். அதற்கான ஆய்வுப் பணிகளை மத்திய அரசு முதலில் எந்த ஊரில் தொடங்கியது தெரியுமா? சென்னையில் இல்லை, மதுரையில் இல்லை, தஞ்சாவூரிலும் இல்லை. கர்நாடகத்தில், மைசூரில்.

கேட்டவுடன் சுருக்கென்றுதான் இருக்கும். தொல்காப்பியத்துக்கும் சங்க இலக்கியத்துக்கும் ஆய்வு மையம் வைக்க நம்மூரில் இடமே கிடைக்கவில்லையா என்று கோபப்பட்டவர்கள் உண்டு. தமிழுக்கு எதிரான சதி என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் விஷயம் அவ்வளவு மர்மமானது இல்லை. மத்திய அரசின் மொழி நிறுவனம் மைசூரில் இருந்தது, வேலையை அதனிடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் அந்த மொழி நிறுவனம் ஏன் மைசூரில் இருந்தது? டில்லியில் இருந்து எடுக்கப்படும் முடிவுகள் ஏன் திரும்பத் திரும்ப அந்த ஊரில் போய் இறங்கின? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு நல்ல கதை கிடைக்கிறது. ஒரு ஊர் தன் நிலத்தை மத்திய அரசுக்குக் கொடுப்பது எப்படி, கொடுத்தபிறகு என்ன ஆகிறது என்கிற கதை. இதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

கொடுத்துப் பழகிய சமஸ்தானம்

மைசூர் சமஸ்தானம் நிலம் கொடுத்த முதல் அனுபவம் அவ்வளவு இனிமையானது இல்லை. 1831-ல் ஆங்கிலேயர்கள் மைசூர் ஆட்சியைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து 1881-ல் உடையார் வம்சத்துக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது போட்ட நிபந்தனைகளில் ஒன்று, பெங்களூர் கண்டோன்மென்ட் இருக்கும் நிலம் பிரிட்டிஷ் இந்திய அரசின் நிர்வாகத்திலேயே இருக்கும் என்பது.

ஆக ஒரே பெங்களூரில் இரண்டு ஆட்சி. பேட்டை பக்கம் மகாராஜாவின் சட்டம். கண்டோன்மென்ட் பக்கம் வெள்ளைக்காரர் சட்டம். அல்சூர், சிவாஜிநகர் பக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர் பலர் இந்தக் கண்டோன்மென்ட்டை நம்பி வந்தவர்கள்தான். சிப்பாய்கள், கட்டட வேலைக்காரர்கள், சரக்கு வியாபாரிகள். ஊரின் இந்தப் பாதியில் கன்னடத்தைவிடத் தமிழ் அதிகம் கேட்டதற்குக் காரணம், அன்று நிலத்தின் மேல் போடப்பட்ட ஒரு கோடு. அந்த நிலம் 1947 ஜூலை 26-ல்தான் மைசூருக்குத் திரும்பி வந்தது. சுதந்திரத்துக்கு மூன்று வாரம் முன்னால்!

இது ஒரு வகைக் கைமாற்றம். நிலத்தோடு அதிகாரமும் போய்விடும். சட்டம், போலீஸ், வரி எல்லாம் வாங்கியவர் கையில்.

இரண்டாவது வகை 1907-ல் வந்தது. ஜாம்ஷெட்ஜி டாட்டா ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனம் வேண்டும் என்று கனவு கண்டார், ஆனால் அதைப் பார்க்காமலே 1904-ல் இறந்துபோனார். மைசூர் அரசு பெங்களூரில் 371 ஏக்கர் நிலத்தையும் பண உதவியையும் கொடுக்க முன்வந்தது. 1909 மே 27-ல் வைஸ்ராயின் அரசு ஆணை பிறப்பித்தது. 1911-ல் மாணவர்கள் வந்துவிட்டார்கள். அதுதான் இன்றைய இந்திய அறிவியல் கழகம். பெங்களூர்க்காரர்களுக்கு இப்போதும் 'டாட்டா இன்ஸ்டிட்யூட்'.

இந்தக் கொடையில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நிலம் டாட்டா குடும்பத்தின் சொத்தாகவும் ஆகவில்லை, ஏதோ ஒரு அரசுத் துறையின் சொத்தாகவும் ஆகவில்லை. 1890-ஆம் ஆண்டின் அறக்கொடைச் சட்டத்தின்படி, இன்ன நோக்கத்துக்கு என்று எழுதிவைத்து நிறுவனத்தின் சொத்துகள் ஒப்படைக்கப்பட்டன. யாருக்குக் கொடுக்கிறோம் என்பதோடு, எதற்குக் கொடுக்கிறோம் என்பதும் பத்திரத்தில் ஏறியது. கண்டோன்மென்ட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

மாளிகையையே கொடுத்தார்கள்

இப்போது மைசூர் ஊருக்குள் வருவோம்.

ரயில் நிலையத்தில் இருந்து கொஞ்ச தூரத்தில், கிருஷ்ணராஜசாகர் அணைக்குப் போகும் பாதைப் பக்கம், பெரிய தோட்டத்துக்கு நடுவே ஒரு வெள்ளை மாளிகை இருக்கிறது. செலுவாம்பா மாளிகை. அரச குடும்பத்து இளவரசி செலுவாஜம்மண்ணிக்காகக் கட்டியது. பிருந்தாவனம் பார்க்கப் போகிற அவசரத்தில் நம்மில் பலரும் இதைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருப்போம்.

சுதந்திரம் வந்த கையோடு, நாடு முழுவதும் தேசிய ஆய்வுக்கூடங்கள் அமைக்கும் வேலையில் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் மும்முரமாக இருந்தார். அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவர் அவர். உணவு ஆராய்ச்சிக்கு ஒரு கூடம் வேண்டும். பஞ்சமும் ரேஷனும் எல்லோர் நினைவிலும் பசுமையாக இருந்த காலம். மைசூர் அரசு செலுவாம்பா மாளிகையையும் சுற்றியிருந்த தோட்ட நிலத்தையும் கொடுத்தது. 1950 அக்டோபர் 21-ல் அங்கே மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் திறக்கப்பட்டது. முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன்.

எருமைப் பாலில் இருந்து குழந்தை உணவு செய்ய முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், முடியும் என்று செய்து காட்டிய இடம் இது. அமுல் குழந்தை உணவுக்குப் பின்னால் இருக்கும் தொழில்நுட்பம் இங்கே பிறந்ததுதான். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பிறந்த நம்மில் பலர் அந்த டப்பா பால் குடித்து வளர்ந்தவர்கள். ஆக, ஒரு இளவரசியின் வீடு கைமாறியதில் நமக்கும் ஒரு டம்ளர் பால் கிடைத்திருக்கிறது :-)

இந்தக் கொடையில் இருக்கும் சூட்சுமம், கொடுத்தது வெறும் நிலம் இல்லை என்பது. கூரையோடு கொடுத்தார்கள். மேஜை நாற்காலி போட்டு, குழாய் இழுத்து, வேலையை ஆரம்பித்துவிடலாம். மற்ற கட்டடங்கள் பிறகு ஒவ்வொன்றாக எழும்பட்டும்.

ஒன்று வந்தால் இன்னொன்று வரும் என்பது நிறுவனங்களுக்கும் பொருந்தும். 1961-ல் ராணுவ உணவு ஆராய்ச்சிக்கூடம் மைசூருக்கு வந்தது. 1963-ல் ஆசிரியர் பயிற்சிக்கான மண்டலக் கல்வி நிறுவனம். 1960-களின் நடுவில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம். காது கேளாத, பேச்சு வராத குழந்தைகளுக்காகத் தென்னிந்தியா முழுவதிலும் இருந்து பெற்றோர்கள் தேடிப்போகும் இடம் அது. அதற்கு நிலம் கொடுத்தவர் ஜெயசாமராஜேந்திர உடையார். 1969 ஜூலை 17-ல் இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம், மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வட்டாரத்தில். அதன் முதல் இயக்குநர் மொழியியலாளர் டி. பி. பட்டநாயக்.

தமிழ் ஆசிரியர்களுக்கும் மைசூர் புதிது இல்லை. மொழி நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில், வடமாநில ஆசிரியர்கள் வந்து தங்கித் தமிழ் கற்றுக்கொண்டு போவார்கள். இது தவிர, இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-ல் ஊட்டியில் இருந்து மைசூருக்கு மாறியது. தமிழ்நாட்டுக் கோயில் சுவர்களில் இருந்து பல பத்தாண்டுகளாக எடுத்த மைப்படிகளும் கூடவே மைசூருக்குப் போயின. ராஜராஜன் காலத்துக் கல்வெட்டின் படியைப் பார்க்க, தஞ்சாவூர் ஆய்வாளர் மைசூருக்கு ரயில் ஏற வேண்டிய நிலை.

எனவே 2006-ல் செம்மொழித் தமிழ் மையம் மைசூரில் தொடங்கியதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. மத்திய அரசுக்கு அங்கே கட்டடம் இருந்தது, ஆள் இருந்தது, கோப்பு நகர்த்தும் அலுவலகம் இருந்தது. தமிழ் மையத்தின் முகவரியை முடிவு செய்தது, பல வருஷங்களுக்கு முன்னால் வேறு வேறு காரணங்களுக்காகக் கைமாறிய நிலங்கள்.

சென்னைக்கு வந்த கதை

தமிழ்நாட்டில் கோரிக்கை பலமாக எழுந்தது. 2008 மே 19-ல் மையம் சென்னைக்கு வந்தது. பெயரும் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் என்று ஆனது. தமிழக முதலமைச்சரே இதன் தலைவர். முதல்வராக இருந்த கருணாநிதி தன் சொந்தப் பணத்தில் இருந்து ஒரு கோடி ரூபாய் கொடுத்து, நிறுவனத்தில் ஆய்வு விருதுக்கு அறக்கட்டளை ஏற்படுத்தினார்.

தொல்காப்பியம், எட்டுத்தொகை, பத்துப்பாட்டு, பதினெண்கீழ்க்கணக்கு, சிலப்பதிகாரம், மணிமேகலை, முத்தொள்ளாயிரம், இறையனார் களவியல். எண்ணிப் பார்த்தால் 41 நூல்கள். இவற்றைச் செம்பதிப்பாகக் கொண்டுவருவது, மொழிபெயர்ப்பது, இளம் ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை கொடுப்பது என்று பெரிய பட்டியல்.

ஆனால் எங்கே உட்கார்ந்து செய்வது?

முதலில் சேப்பாக்கத்தில் ஒரு அரசுக் கட்டடம். பிறகு தரமணியில் சாலைப் போக்குவரத்து நிறுவன வளாகத்தில். சொந்த வளாகத்துக்காகத் தமிழக அரசு பெரும்பாக்கத்தில் சுமார் 17 ஏக்கர் நிலம் ஒதுக்கியது. அங்கே கட்டடம் எழும்பித் திறப்பு விழா நடந்தது எப்போது? 2022 ஜனவரி 12. மத்திய அரசு 24 கோடி ரூபாய் செலவில் கட்டிய மூன்று மாடிக் கட்டடத்தைப் பிரதமர் மோடி காணொலி வழியாகத் திறந்து வைத்தார். நூலகத்தில் 45,000-க்கும் மேற்பட்ட நூல்கள்.

2008-க்கும் 2022-க்கும் நடுவே பதிமூன்று ஆண்டுகளும் சில மாதங்களும்! சென்னைக்கு வந்தபோது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, திறப்பு விழா நடக்கும்போது கல்லூரியில் இருந்திருக்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், சொந்த வீடு இல்லை என்றால் வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் பெட்டியைக் கட்டச் சொல்லலாம். 2017-ல் இந்த நிறுவனத்தைத் திருவாரூரில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகத்தோடு இணைத்துவிடலாம் என்று ஒரு யோசனை கிளம்பியது. கட்சி வேறுபாடு இல்லாமல் எதிர்ப்பு வந்ததால் அது நடக்கவில்லை. சொந்த வளாகமும் நிரம்பிய நூலகமும் தங்கி ஆய்வு செய்யும் மாணவர்களும் இருந்திருந்தால் அந்த யோசனை அவ்வளவு சுலபமாக வந்திருக்குமா? முழுநேர இயக்குநரே 2020-ல்தான் நியமிக்கப்பட்டார். அதுவரை பொறுப்பு இயக்குநர்களை வைத்தே வண்டி ஓடியது.

இந்தத் தாமதத்துக்கு டில்லியை மட்டும் குறை சொல்வது எளிது. சென்னையில் ஆட்சிகள் மாறின, டில்லியிலும் மாறின. ஒருவர் ஆரம்பித்ததை அடுத்தவர் அவசரமாக எடுத்துச் செய்வது நம்மூர் வழக்கம் இல்லை. நிலம் கைமாறியதோடு தன் பங்கு முடிந்துவிட்டதாகக் கொடுத்தவர் நினைக்கலாம். நிலம் இருக்கிறதே, எங்கே போய்விடப்போகிறது என்று வாங்கியவர் நினைக்கலாம். இரண்டு பேருமே நிம்மதியாக இருந்தால் கட்டடம் எழும்பாது.

நிலம் எப்படிக் கைமாறுகிறது?

இதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. ஊரில் ஒரு பெரிய கட்டடத்துக்கு 'நிலம் ஒப்படைக்கப்பட்டது' என்று செய்தி வந்தால், அதற்கு என்ன பொருள் என்று புரியும்.

மாநில அரசின் நிலம் என்பது பெரும்பாலும் புறம்போக்கு. மத்திய அரசு கேட்டால் முதலில் தாசில்தார் போய்ப் பார்ப்பார். அது என்ன வகைப் புறம்போக்கு, மேய்ச்சல் நிலமா, நீர்நிலையா, யாராவது குடியிருக்கிறார்களா, வழக்கு ஏதாவது உண்டா என்று அறிக்கை போகும். சர்வேயர் அளந்து வரைபடம் போடுவார். ஊராட்சியிடமோ நகராட்சியிடமோ கருத்து கேட்பார்கள். கோப்பு கலெக்டர் வழியாகத் தலைமைச் செயலகம் போய் அரசாணையாக வெளிவரும். சந்தை மதிப்பை வாங்கிக்கொண்டும் கொடுக்கலாம். பொதுநலனுக்கு என்று இலவசமாகவும் கொடுக்கலாம்.

அரசாணை வருவதற்கு முன்னாலேயே வேலையை ஆரம்பிக்க வசதியாக 'முன்நுழைவு அனுமதி' என்று ஒன்று தருவதுண்டு. வேலி போடலாம், மண் பரிசோதிக்கலாம், பூமி பூஜையும் போடலாம். ஆனால் உரிமை இன்னும் மாறியிருக்காது. பல திட்டங்கள் இந்த இடத்தில்தான் வருஷக்கணக்கில் நிற்கும். செய்தித்தாளில் அடிக்கல் நாட்டு விழா படம் வந்திருக்கும், கோப்பில் நிலம் இன்னும் புறம்போக்காகவே இருக்கும்.

இப்படிக் கொடுக்கும் ஆணைகளில் வழக்கமாக ஒரு நிபந்தனை இருக்கும். சொன்ன காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று. காகிதத்தில் வலுவான வாசகம்தான். ஆனால் ஒரு மாநில அரசு மத்திய அரசிடம் போய், கட்டவில்லையே, கொடுங்கள் திரும்ப என்று கேட்பது நடைமுறையில் எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். கேட்டால் நிறுவனமே வேறு ஊருக்குப் போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம்.

இன்னொன்று வரி. மத்திய அரசின் சொத்துக்கு மாநில அரசோ உள்ளாட்சி அமைப்போ வரி போட முடியாது என்று அரசியல் சட்டத்தின் 285-ஆவது பிரிவு சொல்கிறது. 1950-க்கு முன்பே வரி கட்டிக்கொண்டிருந்த சொத்துகளுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. ஆகவே ஊருக்கு நடுவில் ஒரு நிலம் மத்திய அரசின் பெயருக்குப் போனால், அதற்குச் சாலையும் சாக்கடையும் தெருவிளக்கும் ஊர் கொடுக்க வேண்டும், சொத்து வரி வராது. சேவைக் கட்டணம் என்று ஒரு தொகையை மத்திய அரசு கொடுக்கலாம் என்ற ஏற்பாடு பிறகு வந்தது. அதை வாங்கவும் சில நகராட்சிகள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. சுயாட்சி நிறுவனங்கள் எல்லாவற்றையும் மத்திய அரசின் சொத்து என்று கொள்ள முடியாது என்பதால் அங்கே கணக்கு வேறு. எப்படியானாலும் நிலம் கொடுக்கும் நாளில் இதையெல்லாம் யாரும் பேசுவதில்லை.

நம் பக்கத்தில் ஒரு செட்டியார்

தமிழ்நாட்டில் இது வேகமாக நடந்ததே இல்லையா என்றால், நடந்திருக்கிறது.

பட்நாகர் தேடிய தேசிய ஆய்வுக்கூடங்களில் ஒன்று மின்வேதியியலுக்கு. அதைக் காரைக்குடிக்குக் கொண்டுவர அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல், பொங்கல் நாளை ஒட்டி, ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். நாலரை ஆண்டு! அதுவும் சிமெண்டுக்கும் இரும்புக்கும் தட்டுப்பாடு இருந்த காலத்தில், பெரிய நகரம் எதுவும் பக்கத்தில் இல்லாத செம்மண் பூமியில்.

கிண்டியில் ஐஐடிக்குச் சென்னை மாகாண அரசு கொடுத்தது சுமார் 250 ஹெக்டேர் வனப்பகுதி. 1959-ல் நிறுவனம் தொடங்கிவிட்டது. மான்கள் உலவிய காட்டைக் கொடுத்தோம். கல்லூரி கிடைத்தது, காட்டில் ஒரு பங்கு போனது. மீதி இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்.

மதுரை எய்ம்ஸ் கதையைப் பிறகு பார்த்தோம். 2015 பட்ஜெட்டில் அறிவிப்பு. 2018-ல் தோப்பூர் என்று முடிவு. 2019 ஜனவரி 27-ல் அடிக்கல். 2022-ல் முதல் மாணவர்கள் சேர்ந்தபோது தோப்பூரில் வகுப்பறை இல்லை, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் உட்கார்ந்து படித்தார்கள்.

செலுவாம்பா மாளிகையை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். மைசூர் கூரையோடு கொடுத்தது. அழகப்பர் பணத்தோடு கொடுத்தார். சும்மா நிலம் மட்டும் கொடுத்த இடங்களில் நாம் காத்திருந்தோம். கூடவே ஏதாவது ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தவர்கள் கேள்வி கேட்கும் இடத்தில் இருந்தார்கள், வாங்கியவர்களுக்கும் தள்ளிப்போடச் சாக்கு குறைவாக இருந்தது. கட்டடம் எப்போது வரும் என்பதை இது ஓரளவு தீர்மானிக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

யாழ்ப்பாணத்தில் பெயர் யாருடையது?

கட்டடம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அதற்கு யாழ்ப்பாணத்தைப் பார்க்க வேண்டும்.

யாழ் பொது நூலகத்துக்குப் பக்கத்தில், மாநகர சபைக்குச் சொந்தமான நிலத்தில், இந்திய அரசின் ஒரு கோடி டாலருக்கும் அதிகமான உதவியில் ஒரு பெரிய கலாசார மையம் எழும்பியது. 2015 மார்ச்சில் மோடி அடிக்கல் நாட்டினார். அரங்கம், அருங்காட்சியகம், உயர்ந்த கோபுரக் கட்டடம் எல்லாம் சேர்ந்த வளாகம். கட்டி முடிந்தபோது புதுக் கேள்வி வந்தது. இதை யார் நடத்துவது? மாநகர சபையின் வருமானத்தில் இவ்வளவு பெரிய கட்டடத்தின் மின்சாரச் செலவையும் பராமரிப்பையும் தாங்குவது கடினம். கொழும்பு அரசு உள்ளே வந்தால் கட்டுப்பாடும் கூடவே வரும். நூலகம் எரிந்த 1981-ஐ மறக்காத ஊரில் இது சின்னக் கவலை இல்லை.

2022 மார்ச்சில் காணொலியில் ஒரு திறப்பு, 2023 பிப்ரவரி 11-ல் நேரில் ஒரு கையளிப்பு என்று இரண்டு விழா நடந்தது. 2025 ஜனவரியில் அதற்குத் 'திருவள்ளுவர் கலாசார மையம்' என்று பெயர் வைத்தார்கள். வள்ளுவர் மேல் யாருக்கும் வருத்தம் இல்லை. ஆனால் பெயர்ப் பலகையில் யாழ்ப்பாணம் எங்கே என்று ஊர் கேட்டது. சில நாட்களிலேயே யாழ்ப்பாணம் என்ற சொல் சேர்க்கப்பட்டது.

நிலம் கொடுத்தது ஊர். பணம் கொடுத்தது ஒரு அரசு. நடத்துவதில் கை வைத்தது இன்னொரு அரசு. பெயரில் ஊரைச் சேர்ப்பதற்கே ஊர் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. நம் ஆட்கள் அதைக் கேட்டு வாங்கினார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் கேட்கவே வேண்டியிருந்திருக்காது.

மைசூரில் மிச்சம் இருப்பது

செம்மொழி மையம் சென்னைக்கு வந்த பிறகும் மைப்படிகள் மைசூரிலேயே இருந்தன. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவிட்டது. ஐம்பத்தைந்து வருஷங்கள் கழித்து! ஒரு அலுவலகம் ஒரு ஊரில் போய் உட்கார்ந்துவிட்டால் அதை நகர்த்துவது எவ்வளவு சிரமம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதற்காக மைசூர் மேல் கோபப்படுவதில் நியாயம் இல்லை. அந்த ஊர் தன் இடத்தைத் திறந்து கொடுத்தது. வந்த நிறுவனங்களைப் பார்த்துக்கொண்டது. பாதுகாத்து வைத்த படிகளில் நம் பாட்டன் முப்பாட்டன் எழுதிய எழுத்தும் இருந்தது. பேச்சு வராத தமிழ்க் குழந்தைக்கு அங்கே பயிற்சி கிடைத்தது. கொடுத்தவர்கள் மேல் நமக்கு நன்றி இருக்க வேண்டும். அவர்களிடம் கற்றுக்கொள்ளவும் வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்காக 60 லட்சம் டாலர் திரட்டியபோது, இந்தப் பணம் தமிழுக்கு மட்டும்தானே போகும், வேறு துறைக்குத் திருப்ப மாட்டார்களே என்று பலரும் கேட்டார்கள். நல்ல கேள்வி. நம் பணத்துக்கு அவ்வளவு அக்கறையாகக் கேட்கத் தெரிந்த நமக்கு, சொந்த ஊர் நிலம் கைமாறும்போது கேட்கத் தோன்றுவதில்லை. மத்திய அரசு நிறுவனம் வருகிறது என்றதும் இனிப்பு கொடுத்துக் கொண்டாடி முடித்துவிடுகிறோம்.

ஊரில் உங்கள் அண்ணனோ மாமாவோ நகராட்சியில், ஊராட்சியில், கட்சியில், ஓய்வுபெற்றோர் சங்கத்தில் இருப்பார்கள். நம் ஊரில் ஏதோ பெரிய கட்டடத்துக்கு நிலம் கொடுக்கப் போகிறார்கள் என்று போனில் சொன்னால், நாலு விஷயம் கேளுங்கள். அரசாணை வந்துவிட்டதா, இல்லை முன்நுழைவு அனுமதி மட்டும்தானா? எத்தனை வருஷத்துக்குள் கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? கட்டும்வரை உட்கார இடம் இருக்கிறதா? நிர்வாகக் குழுவில் ஊர்க்காரர் யாராவது இருப்பார்களா?

பெரும்பாக்கம் வளாகம் இப்போது இருக்கிறது. சோழிங்கநல்லூரில் இருந்து பக்கம்தான். விடுமுறைக்குப் போகும்போது மால், கடற்கரை என்று சுற்றுவதற்கு நடுவில் ஒரு அரைநாள் ஒதுக்கி, முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொண்டு, பிள்ளைகளை அந்த நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள். அங்கே பதிப்பித்த புத்தகம் ஒன்றிரண்டு வாங்கி வாருங்கள். பதினேழு ஏக்கர் கொடுத்து, பதிமூன்று வருஷத்துக்கு மேல் காத்திருந்து வாங்கிய இடம் அது. ஆள் நடமாட்டம் இருந்தால்தான் அது நம்முடையதாக இருக்கும்.